டைனியுஎஸ்பி எடுத்துக்காட்டுகளை பில்ட் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைக்கடக்கமான ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டைக் கணினியில் செருகினால் அது கீபோர்டாகவோ பென் டிரைவாகவோ சீரியல் போர்ட்டாகவோ தெரியவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் வந்து நிற்கும் இடம் டைனியுஎஸ்பி. அதோடு வரும் எடுத்துக்காட்டுகளை ஓடவைப்பதற்குள் பலருக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றையும் நானே முட்டி மோதிக் கற்றவற்றையும் இங்கே போட்டிருக்கிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிக்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடிக்கவேண்டும். கோப்பு, ஃபோல்டர் பெயர்களில் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும்.

டைனியுஎஸ்பி என்பது என்ன?

மைக்ரோகண்ட்ரோலர்களுக்கான திறமூல யுஎஸ்பி நிரல்தொகுப்பு. சி மொழியில் எழுதப்பட்டது, எம்ஐடி உரிமம். டிவைஸ் பக்கமும் (கணினியில் செருகப்படும் சாதனம்) செய்யும், ஹோஸ்ட் பக்கமும் (மற்றவை செருகப்படும் கணினியின் இடம்) செய்யும். ஓடும்போது மெமரியைக் கேட்டு வாங்குவது கிடையாது, எல்லாம் முன்கூட்டியே ஒதுக்கியதுதான். இன்டரப்ட் (வன்பொருள் தரும் உடனடி அழைப்பு) வந்தால் நிகழ்வை வரிசையில் போட்டுவிட்டு, உண்மையான வேலையை 'டியுடி டாஸ்க்' என்ற ஃபங்ஷனில் செய்யும். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள். கீழே பாதிச் சிக்கல்களுக்கு அதுதான் காரணம்.

எந்த போர்டில் தொடங்குவது நல்லது?

கையில் எதுவும் இல்லை, புதிதாக வாங்கப்போகிறேன் என்றால் ராஸ்பெரி பை பிக்கோ. தனியாக ப்ரோகிராமர் வேண்டாம். பூட்செல் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு செருகினால் ஒரு டிரைவ் திறக்கும், யுஎஃப்2 கோப்பை அதில் இழுத்துப் போட்டால் முடிந்தது. போர்டு 'செத்துப்போக' வாய்ப்பும் குறைவு, ஏனென்றால் அந்த டிரைவைத் திறக்கும் தொடக்க நிரலான பூட்லோடர் அழிக்கக்கூடிய ஃப்ளாஷில் இல்லை, அழிக்கமுடியாத, படிக்க மட்டுமேயான ரோமில் இருக்கிறது.

ஈஎஸ்பி32 வைத்திருப்பவர்கள் கவனிக்க: பழைய ஈஎஸ்பி32-இல் யுஎஸ்பியே கிடையாது. சி3-இல் இருப்பது சீரியலுக்கும் ஜேடாகுக்கும் (பிழைதேடும் இணைப்பு) மட்டுமான, மாற்றமுடியாத யுஎஸ்பி. எஸ்2, எஸ்3 போன்றவற்றில்தான் டைனியுஎஸ்பி பயன்படுத்தக்கூடிய ஓடிஜி வகை யுஎஸ்பி இருக்கிறது. எஸ்3 டெவ்கிட்சி போர்டில் இரண்டு சாக்கெட் இருக்கும். யுஏஆர்டி (சாதாரண சீரியல் இணைப்பு) என்று எழுதியிருப்பதில் செருகிவிட்டு "என் கீபோர்டு வரவில்லை" என்று தேடினால் வராது, யுஎஸ்பி என்று எழுதியிருப்பதில் செருகவேண்டும்.

ரெப்போவை இறக்கினேன், பில்ட் கொடுத்தேன். ஏதோ ஹெடர் கோப்பு இல்லை என்கிறது. ஏன்?

டைனியுஎஸ்பி ரெப்போவில் யுஎஸ்பி நிரல் மட்டும்தான் இருக்கிறது. சிப் நிறுவனங்கள் தரும் நிரல் நூலகங்களான எஸ்டி நிறுவனத்தின் எச்ஏஎல், என்எக்ஸ்பியின் எஸ்டிகே, அவற்றோடு ஃப்ரீஆர்டாஸ் என்ற சிறு இயங்குதளம் போன்றவை வேறு ரெப்போக்களில் இருக்கின்றன. எல்லாவற்றையும் இறக்கினால் வட்டு நிறைந்துவிடும் என்பதால் உங்கள் சிப்புக்கு வேண்டியதை மட்டும் நீங்கள்தான் கேட்டு வாங்கவேண்டும். டூல்ஸ் ஃபோல்டரில் 'கெட் டெப்ஸ்' என்ற பைதான் நிரல் இருக்கிறது. அதற்குச் சிப் குடும்பத்தின் பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள், எஸ்டிஎம்32எஃப்4 என்பது மாதிரி. முன்பு இதே வேலையை கிட் சப்மாட்யூல் (ரெப்போவுக்குள் இன்னொரு ரெப்போவை இணைக்கும் வசதி) செய்துகொண்டிருந்தது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து சப்மாட்யூல் கட்டளை அடிப்பவர்கள் ஒன்றும் இறங்காமல் விழிப்பது அதனால்தான்.

பிக்கோ எஸ்டிகே வழியாக வருபவர்களுக்குக் கதை தலைகீழ். அங்கே டைனியுஎஸ்பி இன்னும் சப்மாட்யூல்தான். எஸ்டிகேயை ஜிப் கோப்பாக இறக்கியிருந்தால் லிப் ஃபோல்டருக்குள் டைனியுஎஸ்பி காலியாக இருக்கும். சிமேக் (பில்டைத் தயார்செய்யும் கருவி) ஓடும்போது "சப்மாட்யூல் தயாராக இல்லை, யுஎஸ்பி கிடைக்காது" என்று ஒரு எச்சரிக்கை வந்து மேலே ஓடிப்போய்விடும். அதை யாரும் படிப்பதில்லை. ஜிப்பை விட்டுவிட்டு கிட் மூலம் இறக்கி, சப்மாட்யூலை அப்டேட் செய்யுங்கள்.

ஆப்பிள் மேக் கணினியில் 'நோசிஸ் ஸ்பெக்ஸ்' என்ற கோப்பைப் படிக்கமுடியவில்லை என்று பிழை வருகிறது.

ஹோம்ப்ரூ என்ற மென்பொருள் நிறுவியில் ஏஆர்எம் சிப்புகளுக்கான கம்பைலர் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. சாதாரண ஃபார்முலாவில் வருவதில் நியூலிப் என்ற சி நூலகம் சேர்க்கப்படவில்லை. காஸ்க் ஆக வரும் 'ஜிசிசி ஏஆர்எம் எம்பெடட்' என்பதை நிறுவினால் அதில் எல்லாம் இருக்கும். முதலில் நிறுவியதை நீக்கிவிட்டு இதைப் போடுங்கள், இல்லையென்றால் எது முதலில் கண்ணில் படுகிறதோ அதையே டெர்மினல் எடுத்துக்கொள்ளும்.

மேக் கட்டளையா, சிமேக்கா?

சிமேக். பல குடும்பங்களுக்கு மேக்கும் வேலை செய்யும். ஆனால் ஆர்பி2040 (பிக்கோவின் சிப்), ஈஎஸ்பி32 இரண்டுக்கும் சிமேக் வழி மட்டும்தான், ஈஎஸ்பிக்கு அதன் சொந்த ஐடிஎஃப் கருவிகளும் வேண்டும். ஒன்றையே பழகிக்கொள்வது நல்லது.

நடைமுறை இவ்வளவுதான்: எடுத்துக்காட்டின் ஃபோல்டருக்குள் போங்கள், சிமேக்குக்கு போர்டின் பெயரையும் பில்ட் ஃபோல்டரையும் கொடுங்கள், பிறகு பில்ட் செய்யுங்கள். பிக்கோவாக இருந்தால் எஸ்டிகே எங்கே இருக்கிறது என்பதை 'பிக்கோ எஸ்டிகே பாத்' என்ற சூழல் மாறியில் முன்பே சொல்லியிருக்கவேண்டும். போர்டை மாற்றினால் பழைய பில்ட் ஃபோல்டரை அழித்துவிடுங்கள். சிமேக் முதலில் சொன்ன போர்டையே பிடித்துக்கொண்டிருக்கும், நீங்கள் என்ன புதிதாகச் சொன்னாலும் பாதிதான் காதில் விழும்.

போர்டின் பெயரை எங்கே பார்ப்பது? என் போர்டு பட்டியலில் இல்லையென்றால்?

எச்டபிள்யு ஃபோல்டருக்குள் பிஎஸ்பி (போர்டுகளுக்கான நிரல்), அதற்குள் சிப் குடும்பம், அதற்குள் போர்ட்ஸ். அங்கே இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரின் பெயரும் ஒரு போர்டு. அதே எழுத்துகளில் கொடுக்கவேண்டும்.

உங்களுடையது இல்லையென்றால், "அதே சிப் உள்ள வேறு போர்டின் பெயரைக் கொடுத்தால் போதாதா?" என்று தோன்றும். இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். எஸ்டிஎம்32எஃப்411 சிப்பை எடுத்துக்கொள்வோம். பிளாக் பில் போர்டில் 25 மெகாஹெர்ட்ஸ் படிகம் (கிளாக்குக்கு அடிப்படையான அதிர்வி) இருக்கிறது, எஸ்டியின் டிஸ்கவரி போர்டில் 8. சிப் ஒன்றுதான். ஆனால் 8-ஐ 48 ஆக்குவதற்கான பெருக்கல் வகுத்தல் கணக்கை 25 மேல் போட்டால் யுஎஸ்பிக்கு 150 மெகாஹெர்ட்ஸ் என்று கணக்கு வரும். ஃபுல் ஸ்பீடு (நொடிக்கு 12 மெகாபிட்) யுஎஸ்பிக்கு 48 வேண்டும், அதுவும் பிழை 0.25 சதவீதத்துக்குள். அப்புறம் எப்படி ஓடும்? பில்ட் மட்டும் ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் சுத்தமாக முடியும், அதுதான் கொடுமை.

படிகம் சரியாக இருந்தாலும் இன்னொன்று இருக்கிறது. எஸ்டிஎம்32எஃப்4 சிப்புகள் கேபிளில் 5 வோல்ட் வந்திருக்கிறதா என்று பிஏ9 என்ற பின்னில் பார்க்கமுடியும். பிளாக் பில்லில் அந்தப் பின் 5 வோல்ட்டோடு இணைக்கப்படவில்லை. அந்தச் சோதனையை இயக்கிவைத்தால், கேபிளே செருகவில்லை என்று நினைத்துக்கொண்டு சிப் பேசாமல் உட்கார்ந்திருக்கும்.

ஆகவே மிக நெருக்கமான போர்டின் ஃபோல்டரைப் பிரதி எடுத்து, புதுப் பெயர் கொடுத்து, படிகத்தின் வேகம், எல்ஈடி பின், பட்டன் பின், யுஏஆர்டி பின், 5 வோல்ட் சோதனை ஆகிய ஐந்தையும் ஸ்கீமாட்டிக்கைப் பார்த்து மாற்றுங்கள். அரை மணி நேர வேலை.

எடுத்துக்காட்டுகள் நிறைய இருக்கின்றன. முதலில் எது?

'போர்டு டெஸ்ட்'. இதில் யுஎஸ்பியே இல்லை. எல்ஈடியை மினுக்கும், யுஏஆர்டியில் ஒரு வரி எழுதும், அவ்வளவுதான். "இதை எதற்கு ஓட்டுவது, நேராகக் கீபோர்டுக்குப் போவோமே" என்று தாண்டிப் போகாதீர்கள். கம்பைலர், போர்டு பெயர், கிளாக், ஃப்ளாஷ் செய்யும் வழி எல்லாம் சரி என்பதற்கு இது ஒரே சாட்சி. இது ஓடவில்லையென்றால் யுஎஸ்பியில் கை வைத்துப் பயனில்லை.

அடுத்தது 'சிடிசி எம்எஸ்சி'. ஒரே போர்டு சீரியல் போர்ட்டாகவும் சின்ன டிரைவாகவும் தெரியும். அந்த டிரைவின் அளவு 8 கிலோபைட்தான், 512 பைட் கொண்ட 16 தொகுதிகள். அதைவிடச் சிறியதை விண்டோஸ் ஏற்காது என்று நிரலிலேயே குறிப்பு இருக்கிறது. உள்ளே ஒரு ரீட்மீ கோப்பு இருக்கும். அதைத் திருத்திச் சேமிக்கலாம், ஆனால் ரீசெட் செய்தால் போய்விடும், எல்லாம் ராமில் இருப்பதால். "டிரைவ் கோப்பை மறந்துவிடுகிறது" என்று பிழை தேடி அலையவேண்டாம்.

கீபோர்டு, மவுஸ் வேண்டுமென்றால் 'எச்ஐடி காம்போசிட்'. பட்டனை அழுத்தினால் ஏ என்ற எழுத்தை அடிக்கும், மவுஸை நகர்த்தும். எதையாவது முக்கியமாக எழுதிக்கொண்டிருக்கும் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு சோதிக்காதீர்கள்.

எல்ஈடி மினுக்கும் வேகத்துக்கு அர்த்தம் உண்டா?

உண்டு. பெரும்பாலான டிவைஸ் எடுத்துக்காட்டுகளில் 250 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மாறினால் கணினி இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை என்று பொருள். 1000 என்றால் எல்லாம் சரி. 2500 என்றால் கணினி யுஎஸ்பியைத் தூங்கவைத்திருக்கிறது. டீபக்கர் இல்லாதவர்களுக்கு இந்த ஒரு விளக்கே டீபக்கர்.

எல்ஈடி வேகமாக மினுக்கிக்கொண்டே இருக்கிறது. கணினி கண்டுகொள்ளவே இல்லை. எங்கிருந்து தேடுவது?

கேபிளிலிருந்து. சிரிக்காதீர்கள். ஒரு முழுச் சாயங்காலம் டிஸ்கிரிப்டரில் (சாதனம் தன்னைப் பற்றிக் கணினிக்குச் சொல்லும் தகவல்) பைட் பைட்டாகத் தேடிவிட்டு, கடைசியில் அது சார்ஜ் செய்ய மட்டுமே உதவும் கேபிள், உள்ளே டேட்டா கம்பியே இல்லை என்று கண்டுபிடித்தவன் நான். போனிலிருந்து கோப்பு மாற்றி வேலை செய்வதாக உறுதியான ஒரு கேபிளைத் தனியாக எடுத்து, நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேபிள் சரி என்றால் லினக்ஸில் செருகி, டிமெசெக் கட்டளையில் கெர்னல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் பிழையை விழுங்கிவிட்டு "தெரியாத சாதனம்" என்று ஒரே பாட்டைப் பாடும். லினக்ஸ் கொஞ்சம் மனம்விட்டுப் பேசும்.

ஒரு வரியும் வரவில்லையென்றால் கணினிக்கு உங்கள் போர்டு செருகப்பட்டதே தெரியவில்லை. ஃபுல் ஸ்பீடு சாதனம் தன் வருகையைச் சொல்வது டி பிளஸ் கம்பியை 1.5 கிலோஓம் வழியாக மேலே இழுத்துத்தான். பல சிப்புகளில் அது உள்ளேயே இருக்கிறது. எஸ்டிஎம்32எஃப்103-இல் இல்லை, போர்டில் வைக்கவேண்டும். ப்ளூ பில் போர்டுகள் பலவற்றில் ஆர்10 என்ற இடத்தில் 1.5-க்குப் பதிலாக 10 கிலோஓம் வைத்துவிட்டார்கள். சில கணினிகளில் ஓடும், சிலவற்றில் ஓடாது. அந்த ரெசிஸ்டரை மாற்றிவிட்டால் தீர்ந்தது.

பிழை மைனஸ் 71 என்றால் பேச்சு தொடங்கிவிட்டது, ஆனால் கேட்பது தெளிவாக இல்லை. பெரும்பாலும் கிளாக், இல்லையென்றால் மோசமான கேபிள் அல்லது ஹப். மைனஸ் 110 என்றால் கணினி கேட்டுக்கேட்டுக் காத்திருந்து அலுத்துவிட்டது, உங்கள் நிரல் பதில் சொல்லவில்லை. அங்கே பார்க்கவேண்டியது டியுடி டாஸ்க். மெயின் லூப்புக்குள் ஒரு செகண்ட் டிலே போட்டிருக்கிறீர்களா? மெதுவான யுஏஆர்டியில் நீளமாக எதையாவது அச்சிடுகிறீர்களா? சென்சாருக்காகக் காத்துக்கிடக்கிறீர்களா? அந்த நேரமெல்லாம் யுஎஸ்பிக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. எடுத்துக்காட்டுகளில் எல்ஈடியை மினுக்கும் பகுதியைப் பாருங்கள்: எங்கும் டிலே கிடையாது, நேரம் ஆகிவிட்டதா என்று பார்க்கும், ஆகவில்லையென்றால் உடனே திரும்பிவிடும். உங்கள் வேலையையும் அப்படி எழுதுங்கள்.

மைனஸ் 32, அதுவும் கான்ஃபிகரேஷனை அமைக்கமுடியவில்லை என்ற வரியோடு வந்தால், அது உங்கள் டிஸ்கிரிப்டர். சாதனம் கேட்டுப் புரிந்துகொண்டுதான் "முடியாது" என்கிறது. டிஸ்கிரிப்டரில் ஒரு இன்டர்ஃபேஸை (சீரியல், கீபோர்டு போன்ற ஒரு பணி) சேர்த்துவிட்டு, கான்ஃபிக் ஹெடரில் அதற்கான வகுப்பை 1 ஆக்க மறந்தால் இது வரும். மொத்த நீளத்தைத் தவறாகக் கொடுத்தாலும் வரும்.

சீரியல் போர்ட் வந்துவிட்டது, திறக்கவும் முடிகிறது. ஆனால் நான் அனுப்புவது எதுவும் தெரியவில்லை.

இரண்டு காரணங்களில் ஒன்று. முதலாவது, நீங்கள் எழுதியது இன்னும் பஃபரில் கிடக்கிறது. ஒரு பாக்கெட் அளவு, ஃபுல் ஸ்பீடில் 64 பைட், சேரும்வரை அது கிளம்பாது. சின்னச் செய்தியாக இருந்தால் எழுதியவுடன் ஃப்ளஷ் ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது, டிடிஆர் (டெர்மினல் தயார் என்று சொல்லும் சிக்னல்). 'சிடிசி கனெக்டட்' என்று கேட்டு, ஆம் என்றால் மட்டும் எழுதும்படி பலர் நிரல் வைக்கிறார்கள். அந்த ஃபங்ஷன் பார்ப்பது டெர்மினல் மென்பொருள் டிடிஆர் சிக்னலை உயர்த்தியிருக்கிறதா என்பதை. சில மென்பொருள்கள் உயர்த்துவதில்லை. டெர்மினலின் அமைப்பில் டிடிஆரை இயக்குங்கள்.

லினக்ஸில் செருகிய முதல் சில நொடிகளில் வேண்டாத எழுத்துகள் வந்து விழுந்தால் அது மோடம்மேனேஜர். உங்கள் போர்டை மோடம் என்று நினைத்து நலம் விசாரிக்கிறது.

நேற்று ஓடியது. ஒரு இன்டர்ஃபேஸைச் சேர்த்தேன், விண்டோஸில் மட்டும் ஓடவில்லை.

விண்டோஸ் ஒருமுறை பார்த்த சாதனத்தை விஐடி (தயாரிப்பாளர் எண்), பிஐடி (பொருள் எண்) என்ற இரண்டு எண்களை வைத்து நினைவில் வைத்துக்கொள்கிறது. எண்கள் மாறாமல் உள்ளடக்கம் மட்டும் மாறினால், பழைய டிரைவரையே மாட்டிவிட்டுத் தடுமாறும். அதனால்தான் எடுத்துக்காட்டுகளில் பிஐடி நிலையான எண்ணாக இல்லை, எந்தெந்த வகுப்பு இயக்கத்தில் இருக்கிறது என்பதை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்தக் கணக்கை அழித்துவிட்டு 1 என்று எழுதியவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் வரும். வந்துவிட்டால் டிவைஸ் மேனேஜரில் பழைய சாதனத்தை நீக்கிவிட்டு, பிஐடியை மாற்றி மறுபடி செருகுங்கள்.

விஐடி எண் ஹெக்ஸில் சி, ஏ, எஃப், இ. சேர்த்துப் படித்தால் கஃபே. மேசையில் வைத்துச் சோதிப்பதற்கு மட்டும்தான் அது, விற்கும் பொருளில் போடக்கூடாது. திறமூல ப்ராஜெக்ட் என்றால் பிஐடி கோட்ஸ் திட்டத்தில் 1209 என்ற விஐடியின் கீழ் இலவசமாக ஓர் எண் வாங்கலாம்.

சில எடுத்துக்காட்டுகள் என் போர்டுக்கு பில்ட் ஆகாமல் தாண்டிப் போகின்றன.

பிழை அல்ல. எடுத்துக்காட்டின் ஃபோல்டரில் 'ஸ்கிப்' அல்லது 'ஒன்லி' என்று ஒரு உரைக் கோப்பு இருக்கும். எந்தச் சிப்பில் வேண்டாம், எந்தச் சிப்பில் மட்டும் என்று அதில் எழுதியிருக்கும். மெமரி போதாமல் இருக்கலாம், எண்ட்பாயிண்ட் (யுஎஸ்பி தரவு வழி) போதாமல் இருக்கலாம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

பில்ட் செய்யும்போது லாக் என்பதை 2 என்று கொடுங்கள். கணினி கேட்கும் ஒவ்வொரு கோரிக்கையும் யுஏஆர்டியில் வரிசையாக வரும். 80 06 என்று தொடங்கும் வரி டிஸ்கிரிப்டரைக் கேட்பது, 00 05 முகவரி கொடுப்பது, 00 09 கான்ஃபிகரேஷனை அமைப்பது. 00 09 வரை வந்து, அதன்பின் கோளாறு இல்லையென்றால் கடினமான பகுதி முடிந்தது. ஜேலிங்க் என்ற டீபக்கர் இருந்தால் லாகர் என்பதை ஆர்டிடி ஆக்குங்கள், லாக் அதன் வழியாக வரும். யுஏஆர்டி மெதுவானது, லாக் எழுதும் நேரமே யுஎஸ்பியைத் தாமதப்படுத்தி இல்லாத கோளாறை உண்டாக்கும்.

ஹோஸ்ட் எடுத்துக்காட்டுகளும் இதே மாதிரிதானா?

பில்ட் அதே மாதிரிதான். மின்சாரம்தான் வேறு. ஹோஸ்ட் என்றால் செருகும் கீபோர்டுக்கு 5 வோல்ட் நீங்கள் கொடுக்கவேண்டும். பிக்கோவின் ஒரே சாக்கெட்டை ஹோஸ்டாக்கினால் விபஸ் பின் வழியாக வெளியிலிருந்து 5 வோல்ட் கொடுத்து, லாக்கை யுஏஆர்டியில்தான் பார்க்கமுடியும். ஒரே போர்டில் ஹோஸ்டும் டிவைஸும் சேர்ந்து வேண்டுமென்றால் 'பிஐஓ யுஎஸ்பி' உண்டு. அது சாதாரண இரண்டு பின்களை யுஎஸ்பி ஆக்குகிறது. அதற்கு சிப் 120 அல்லது 240 மெகாஹெர்ட்ஸில் ஓடவேண்டும், ஏனென்றால் ஃபுல் ஸ்பீடின் 12-க்கு அது முழு மடங்காக இருக்கவேண்டும்.

எடுத்துக்காட்டிலிருந்து என் சொந்த ப்ராஜெக்டுக்கு எதையெல்லாம் எடுத்துக்கொள்ளவேண்டும்?

சோர்ஸ் ஃபோல்டரில் இருக்கும் நிரல் முழுவதும், அதோடு எடுத்துக்காட்டின் இரண்டு கோப்புகள்: கான்ஃபிக் ஹெடர், டிஸ்கிரிப்டர் கோப்பு. கான்ஃபிக் ஹெடர் இருக்கும் ஃபோல்டரை இன்க்ளூட் பாதையில் சேர்க்கவேண்டும். உங்கள் சிப் எது என்பதை எம்சியு என்ற வரியில் சொல்லவேண்டும். பிஎஸ்பி ஃபோல்டரை எடுக்கத் தேவையில்லை, ஆனால் அது சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த மூன்று வேலைகளை இனி நீங்கள் செய்யவேண்டும்: கிளாக்கை அமைப்பது, யுஎஸ்பி பின்களை இயக்குவது, யுஎஸ்பி இன்டரப்ட் வந்தால் டைனியுஎஸ்பியின் ஹேண்ட்லரைக் கூப்பிடுவது. மூன்றாவதை மறப்பவர்கள்தான் அதிகம். லிங்க் பிழை எதுவும் வராது, சாதனம் மட்டும் ஊமையாக இருக்கும்.

லிங்க் செய்யும்போது 'கால்பேக் இல்லை' என்று பிழை வந்தால், அது நல்ல பிழை. டிஸ்கிரிப்டர் கோப்பை பில்டில் சேர்க்கவில்லை, அல்லது ஒரு வகுப்பை இயக்கிவிட்டு அது எதிர்பார்க்கும் ஃபங்ஷனை எழுதவில்லை. எந்த ஃபங்ஷன் என்று லிங்கரே பெயர் சொல்லும். அந்தப் பெயரை எடுத்துக்காட்டுகளில் தேடினால் நான்கைந்து மாதிரிகள் கிடைக்கும், உங்களுடையதற்கு நெருக்கமானதைப் பிரதி எடுங்கள்.